ஐரோப்பியக் கிண்ணத்தின் ஏணியும் முள்ளிவாய்க்கால் மணலும்

2025 ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி நாட்கள். முள்ளிவாய்க்காலில் நினைவேந்தல் நடந்து ஒரு கிழமைக்கு மேலாகியிருந்தது. வந்தவர்கள் அனைவரும் திரும்பிவிட்டனர். நான் மட்டும் உறவினர் வீடொன்றில் தங்கியிருந்தேன். கூட்டம் கலைந்த பின்னரும் ஓரிடத்தில் சில நாட்கள் இருந்து பார்ப்பது என்னுடைய பழைய பழக்கம். பணியில் இருந்த காலத்தில் எந்த ஆசிரிய பீடமும் அதற்குப் படிக்காசு தந்ததில்லை என்பது வேறு கதை.

பின்னேரங்களில், நந்திக்கடல் பக்கமாக வெயில் சாயும்போது, பையன்கள் மணல்வெளியில் உதைபந்து விளையாடுவார்கள். கோல் கம்பங்களுக்குப் பதிலாக இரு பக்கமும் செருப்புச் சோடிகள். ஒருவனுடைய முதுகில் பார்சிலோனாவின் பத்தாம் இலக்கம். இன்னொருவன் டொட்டன்ஹாம் கழகத்தின் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தான். இலண்டனில் இருந்து மாமா அனுப்பியதாம். விளையாட்டு முடிந்து தண்ணீர் குடிக்க வந்தபோது பார்சிலோனாக்காரன் என்னைக் கேட்டான்:

"ஐயா, நீங்கள் பேப்பரில வேலை செய்த ஆளெண்டு சொன்னவை. பதினேழாம் இடத்தில வந்த டொட்டன்ஹாம் அடுத்த முறை சம்பியன்ஸ் லீக் விளையாடப் போகுது. ஆறாவதா வந்த அஸ்டன் வில்லாவுக்கு இடமில்லை. இது என்ன நியாயம்?"

இதற்கு விடை சொல்வது எளிது. மே 21 அன்று பில்பாவோ நகரில் நடைபெற்ற யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் டொட்டன்ஹாம் 1-0 என்ற கணக்கில் மன்செஸ்டர் யுனைட்டட்டை வென்றது. யூரோப்பா லீக்கை வெல்லும் கழகம் அடுத்த பருவத்தில் சம்பியன்ஸ் லீக்கில் ஆடலாம் என்பது விதி. உள்நாட்டு லீக்கில் அது எந்த இடத்தில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. (தோற்ற மன்செஸ்டர் யுனைட்டட் 15 ஆம் இடம்! ஐரோப்பிய இறுதியாட்டம் ஒன்றை இங்கிலாந்தின் கடைசி ஆறு கழகங்களுள் இரண்டு ஆடிய வேடிக்கை அது.) வெள்ளைச் சட்டைக்காரன் வெற்றிப் புன்னகை பூத்தான்.

ஆனால், பக்கத்தில் நின்ற எல்லோரிலும் சிறியவன் கேட்ட கேள்விக்கு நான் அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. "அப்ப எங்கட கழகம் வெண்டா எங்க போகும்?" என்று அவன் கேட்டான்.

முழுமையான பதில் 1955 இல் தொடங்குகிறது.

ஐரோப்பியக் கழகங்களுக்கிடையே ஒரு கிண்ணப் போட்டியை நடத்த வேண்டும் என்ற யோசனையைச் செயலாக்கியவர்கள் உதைபந்தாட்ட அதிகாரிகள் அல்லர், பத்திரிகையாளர்கள். பிரான்சின் 'லெக்கிப்' விளையாட்டு நாளிதழும் அதன் ஆசிரியர்களுள் ஒருவரான கப்ரியேல் ஹனோவும் முன்னின்று திட்டம் வகுத்தனர். பின்னர் ஐரோப்பிய ஒன்றியமான யூஈஎப்ஏ அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. எம் தொழிலைச் சார்ந்தவர்கள் இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. அந்த முதலாவது போட்டிக்குத் தகுதி என்று ஒன்றும் இருக்கவில்லை. அழைப்புத்தான். இங்கிலாந்தின் சம்பியனான செல்சி, உள்நாட்டு லீக் நிர்வாகத்தின் அழுத்தத்தால் விலகிக்கொண்டது. ஸ்கொட்லாந்திலிருந்து சென்ற ஹிபேர்னியன் அந்நாட்டின் சம்பியன் அல்ல. ஐந்தாம் இடத்தில் வந்த கழகம்.

அந்தப் பதினாறு கழகங்களுள் ஒன்றுதான் என் கதைக்கு முக்கியமானது. அதன் பெயர் 1. எப்.சி. சார்ப்ரூக்கன்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலக்கரியும் உருக்கும் நிறைந்த சார் பிரதேசத்தை ஜேர்மனியிலிருந்து பிரித்துப் பிரான்ஸ் தன் பாதுகாப்பின் கீழ் வைத்திருந்தது. அது முழு நாடு அல்ல. ஜேர்மனியின் மாநிலமும் அல்ல. ஆயினும் 1950 இல் பீபா அதன் உதைபந்தாட்டச் சங்கத்தைத் தனி உறுப்பினராக ஏற்றது. 1954 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சார் அணி மேற்கு ஜேர்மனியையே எதிர்த்து ஆடியது. சார் அணியின் பயிற்றுநர் ஹெல்முட் ஷோன். பிற்காலத்தில் 1974 இல் மேற்கு ஜேர்மனிக்கு உலகக் கிண்ணத்தை வென்று கொடுத்த அதே ஷோன்தான்.

ஆகவே 1955 இல் முதலாவது ஐரோப்பியக் கிண்ணம் தொடங்கியபோது, மேற்கு ஜேர்மனியின் சார்பில் ரொட்-வைஸ் எசனும், சார் பிரதேசத்தின் சார்பில் சார்ப்ரூக்கனும் பங்கேற்றன. ஒக்டோபர் 23 அன்று சார் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஐரோப்பியக் கண்காணிப்பின் கீழ்த் தனிப் பிரதேசமாக நீடிக்கும் திட்டத்தை மூவரில் இருவர் நிராகரித்தனர். ஜேர்மனியுடன் இணைய விரும்புகிறோம் என்பதே அதன் பொருள். அதற்கு ஒன்பது நாட்களின் பின்னர், நவம்பர் 1 அன்று, சார்ப்ரூக்கன் மிலான் நகரில் ஏ.சி. மிலானை 4-3 என்று தோற்கடித்தது. தன் மக்களே வேண்டாம் என்று வாக்களித்துவிட்ட ஒரு 'நாட்டின்' சார்பில் கிடைத்த வெற்றி! சொந்த மண்ணில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 1-4 என்று தோற்று வெளியேறியது. 1957 தைப் பிறப்புடன் சார் மேற்கு ஜேர்மனியின் ஒரு மாநிலமானது. அதன் உதைபந்தாட்டச் சங்கமும் ஜேர்மன் சங்கத்துள் அடங்கியது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? எந்தக் கழகம் எத்தனையாவது என்று எண்ணத் தொடங்குவதற்கு முன்னரே, எந்த நிலப்பரப்பின் சங்கம் எண்ணப்படத் தக்கது என்ற தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் இரண்டாவதையே பேசுகின்றன. முதலாவதை நானும் நெடுங்காலம் கவனித்ததில்லை.

தரவரிசை பின்னர் வந்தது. 1970களின் இறுதியில், எந்த நாட்டுக்கு எத்தனை இடங்கள் என்பதைத் தீர்மானிக்க யூஈஎப்ஏ ஒரு குணகத்தை வகுத்தது. கணக்கு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். ஒரு நாட்டின் கழகங்கள் ஐரோப்பியப் போட்டிகளில் பெறும் வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1. தகுதிகாண் சுற்றுகளில் இதன் பாதி. மேல்நிலைச் சுற்றுகளை அடைந்தால் மேலதிகப் புள்ளிகள். மொத்தத்தை அந்நாட்டிலிருந்து பங்கேற்ற கழகங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த ஆண்டின் குணகம் கிடைக்கும். ஐந்து ஆண்டுகளின் குணகங்களைக் கூட்டினால் நாட்டின் இடம் தெரியும். கழகங்களுக்குத் தனித்த இன்னொரு பட்டியலும் உண்டு. அது குலுக்கலில் யார் யாருடன் மோதுவது என்பதற்குப் பயன்படுகிறது.

ஐந்தாண்டுக் கணக்கு என்பதால் பழைய வெற்றி உதவும். பழைய வெறுமை துரத்தும். 1985 மே 29 அன்று பிரசல்ஸ் ஹெய்சல் அரங்கில் 39 பேர் இறந்த அனர்த்தத்தின் பின்னர், இங்கிலாந்துக் கழகங்கள் ஐந்து பருவங்கள் விலக்கிவைக்கப்பட்டன. 1990 இல் அவை திரும்பியபோது கணக்கில் ஒன்றுமே இல்லை. யூஈஎப்ஏ கிண்ணத்தில் ஒரே ஓர் இடம் கிடைத்தது. சம்பியனான லிவர்பூலின் தடை இன்னும் ஓர் ஆண்டு நீடித்ததால் ஐரோப்பியக் கிண்ணத்தில் எவருமே இல்லை. அந்தப் பருவத்தில் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தை மன்செஸ்டர் யுனைட்டட் வென்றது.

அந்த வெற்றியை நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதினேன். 1991 மே. மின்சாரம் இல்லை; பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுழற்ற, டைனமோவில் இருந்து வந்த மின்சாரத்தில் வானொலி முனகியது. சுழற்றும் கை தளர்ந்தால் செய்தியும் தளரும். றொட்டர்டாமில் பார்சிலோனாவை 2-1 என்று வென்றார்கள் என்பது விளங்கியது. கோல் அடித்தவரின் பெயர் விளங்கவில்லை. பெயரில்லாமலே நான்கு வரி எழுதினேன். அச்சுத்தாள் தட்டுப்பாட்டில் கோடு போட்ட கொப்பித் தாளில்கூடப் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. அந்த நான்கு வரிக்கும் இடம் தர மனமில்லாத செய்தி ஆசிரியரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டுகள் வெளியே நின்றவர்கள் திரும்பி வந்து வென்ற கதை என்பதுதான் என் வாதம்.

1992 இல் ஐரோப்பியக் கிண்ணம் சம்பியன்ஸ் லீக் ஆனது. 1994 முதல் மூன்று பருவங்கள், குணகப் பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருந்த நாடுகளின் சம்பியன்கள் அதில் நுழையவே முடியவில்லை; யூஈஎப்ஏ கிண்ணத்துக்கு அனுப்பப்பட்டனர். 1997 இல் அவர்களுக்குத் தகுதிகாண் சுற்றின் கதவு மீண்டும் திறந்தது. அதே வேளையில் பெரிய நாடுகளின் இரண்டாமிடக் கழகங்களுக்கும் இடம் கிடைத்தது. 1999 இல் பார்சிலோனா நகரில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்துப் பயேர்ண் மியூனிக்கை வீழ்த்திய மன்செஸ்டர் யுனைட்டட், முந்திய ஆண்டு இங்கிலாந்தில் இரண்டாமிடம் பெற்ற கழகமே. இப்போது பட்டியலின் முதல் நான்கு நாடுகளுக்கு நான்கு நான்கு இடங்கள் நேரடியாகவே உண்டு. 2024 முதல், முந்திய பருவத்தில் மிகுந்த குணகம் பெற்ற இரு நாடுகளுக்கு மேலும் ஒவ்வோர் இடம். ஐந்தாவதாக வந்த நியூகாசில் அவ்வாறுதான் நுழைந்தது. டொட்டன்ஹாமையும் சேர்த்து 2025-26 பருவத்தில் இங்கிலாந்திலிருந்து ஆறு கழகங்கள்!

இங்கே ஒரு சொல் குறித்துச் சொல்ல வேண்டும். இதைத் 'தரப்படுத்தல்' என்று எழுத என் பேனா இன்றும் கூசுகிறது. 1970களின் முற்பகுதியில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தல் எங்கள் தலைமுறையை எங்கெங்கோ கொண்டுபோய் நிறுத்தியது. அதைத் தொடர்ந்து வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் வவுனியா, மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் பயனடைந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆகவே 'தரவரிசை' என்றே எழுதுகிறேன்.

சரி, பட்டியலின் அடியில் இருப்பவர்களைப் பார்ப்போம். பரோ தீவுகள் டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்டவை. மக்கள்தொகை ஏறத்தாழ 54,000. முல்லைத்தீவு மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி 90,000க்கு மேற்பட்டோர். பரோ 1988 இல் பீபாவிலும் 1990 இல் யூஈஎப்ஏயிலும் சேர்ந்தது. அதே 1990 செப்டெம்பரில், தம் முதலாவது ஐரோப்பியக் கிண்ணத் தகுதியாட்டத்தில் ஒஸ்திரியாவை 1-0 என்று வீழ்த்தினார்கள். தீவில் புல்தரை மைதானம் இல்லாததால் அந்தச் 'சொந்த மண்' ஆட்டம் சுவீடனில் நடந்தது. 2023 இல் சுமார் 5,000 பேர் வாழும் கிளாக்ஸ்விக் ஊரின் கழகம் சம்பியன்ஸ் லீக் தகுதிகாண் சுற்றில் ஹங்கேரியின் பெரென்ஸ்வரோசை புடாபெஸ்டில் 3-0 என்று வென்றது; பின்னர் கொன்பரன்ஸ் லீக் குழுநிலையை அடைந்தது. ஏணியின் அடிப்படியில் கால்வைக்க இடம் கிடைத்தால் ஓர் ஊர் எவ்வளவு ஏறலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

கால்வைக்கும் இடத்துக்காக ஜிப்ரால்டர் பட்ட பாடு பெரியது. அது உறுப்புரிமை கேட்டு நின்றபோது, 2001 இல் யூஈஎப்ஏ தன் யாப்பையே மாற்றி, ஐக்கிய நாடுகள் சபை அங்கீகரித்த நாடுகளுக்கு மட்டுமே இனி இடம் என்றது. ஸ்பெயினின் எதிர்ப்பு உலகறிந்தது. விளையாட்டுக்கான நடுவர் மன்றம் வரை வழக்குப் போனது. 2007 வாக்கெடுப்பில் ஆதரவு மூன்று, எதிர்ப்பு 45. இறுதியில் 2013 இல் ஏற்றார்கள். 2016 இல் ஜிப்ரால்டரின் லிங்கன் ரெட் இம்ப்ஸ் கழகம் செல்ரிக்கை 1-0 என்று வென்றது. கொசோவோவை 2016 மே மாதம் 28க்கு 24 என்ற வாக்கில் ஏற்றார்கள். அது ஐக்கிய நாடுகள் சபையில் இன்றுவரை உறுப்பினர் அல்ல. வேல்சும் ஸ்கொட்லாந்தும் தனிநாடுகள் அல்ல. பழைமையின் உரிமையில் உள்ளே இருக்கின்றன. ஆசியாவில் இருந்து வெளியேற்றப்பட்ட இஸ்ரேல் ஐரோப்பாவில் ஆடுகிறது. புவியியலும் இல்லை, சட்டமும் முழுமையாக இல்லை. அந்த மண்டபத்தில் எத்தனை கைகள் உயர்கின்றன என்பதே கணக்கு.

கைகள் உயராதவர்களுக்கும் ஒரு போட்டி உண்டு. 2012 இல் குர்திஸ்தானின் எர்பில் பகுதியில் விவா உலகக் கிண்ணம் நடந்தது. புலம்பெயர்ந்த இளைஞர்களைக் கொண்ட தமிழீழ அணி அதில் முதன்முதலாக ஆடியது. மறு ஆண்டு கொனிபா என்ற அமைப்பு உருவாயிற்று. பீபாவில் இல்லாத மக்களினங்களுக்கான அமைப்பு அது. அதற்கும் தனியான தரவரிசையும் தகுதிமுறையும் உண்டு. 2014 ஜூனில் அதன் முதலாவது உலகக் கிண்ணம் சுவீடனின் ஒஸ்டர்சுண்ட் நகரில் நடைபெற்றது. தமிழீழ அணி குர்திஸ்தானுடனும் அரமேயர் அணியுடனும் ஒரே குழுவில் இருந்தது, தோற்றது. 2018 இல் இலண்டனில் 16 அணிகளுடன் நடந்த போட்டியிலும் ஆடியது, குழுநிலையைத் தாண்டவில்லை.

தோல்வியைப் பற்றி எனக்குக் குறையில்லை. வேலை முடிந்து பயிற்சிக்கு வரும் பையன்களைக் கொண்ட அணி அது. என்னை உறுத்துவது ஒஸ்டர்சுண்ட். அங்கு போட்டியை ஏற்று நடத்திய அரங்கு ஒஸ்டர்சுண்ட் கழகத்தின் சொந்த அரங்கு. அக்கழகம் 2011 இல் சுவீடனின் நான்காம் பிரிவில் கிடந்தது. கிரஹாம் பொட்டர் என்ற ஆங்கிலேயப் பயிற்றுநரின் கீழ்ப் படிப்படியாக ஏறி, 2017 இல் சுவீடன் கிண்ணத்தை வென்று, யூரோப்பா லீக்குக்குத் தகுதிபெற்று, கலத்தாசராயை வெளியேற்றி, 2018 பெப்ரவரியில் இலண்டனுக்குப் போய் ஆர்சனலை அதன் மைதானத்திலேயே 2-1 என்று வென்றது. (முதலாட்டத்தில் 0-3 என்று தோற்றிருந்ததால் வெளியேறியது.) அதே ஒஸ்டர்சுண்ட் அரங்கில் 2014 இல் ஆடிய எங்கள் பையன்கள், எத்தனை ஆட்டம் வென்றிருந்தாலும், அந்தப் பாதையில் ஓரங்குலம் நகர்ந்திருக்க முடியாது. கொனிபாவின் ஏணிக்கு உச்சியில் ஒரு கிண்ணம் இருக்கிறது. ஆனால் அது வேறெந்த மாடிக்கும் போவதில்லை.

முள்ளிவாய்க்கால் பையனுக்கு உரிய ஏணி அதுவுமல்ல. அவனுடைய ஏணி இலங்கையினது. ஊர்க் கழகம், மாவட்ட லீக், தேசிய மட்டம், அங்கிருந்து ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் போட்டி. ஆசியாவிலும் ஐரோப்பா போலவே குணகக் கணக்குத்தான். 2024 முதல் மூன்று அடுக்குகள், கடை அடுக்கின் பெயர் சலஞ்ச் லீக். காகிதத்தில் ஏணி முழுமையானது. நடுப்படிகளில்தான் கோளாறு.

2021 இல் இலங்கை சுப்பர் லீக்கைத் தொடங்கினார்கள். பத்துக் கழகங்கள். வடக்கில் இருந்தோ கிழக்கில் இருந்தோ ஒன்றுகூட இல்லை. பத்தில் மூன்று முறையே தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் கழகங்கள். வடக்கு வீரர்கள் கொழும்புக் கழகங்களுக்குப் போய் ஆடியிருக்கிறார்கள். வீரனுக்கு வழி உண்டு, ஊருக்கு இல்லை. அந்த லீக்கை வென்ற புளூ ஸ்டார், 2022 ஏப்ரலில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் நேபாளக் கழகமொன்றை 2-1 என்று வென்று, கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 0-5 என்று தோற்றது. 2023 ஜனவரியில் மூன்றாம் தரப்பினரின் தலையீட்டின் காரணமாகப் பீபா இலங்கையையே இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. கொழும்பில் கதிரைகளுக்காக நடந்த சண்டைக்கு முல்லைத்தீவுப் பையனும் ஏழு மாதத்துக்கு மேல் தண்டனை அனுபவித்தான்.

புலம்பெயர் தேசத்தில் பிறந்த பிள்ளைக்கோ படிகள் வரிசையாக இருக்கின்றன. வேல்சில் பிறந்த தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதன் 2024 ஓகஸ்டில் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணியில் களமிறங்கினார். வேல்சின் இளையோர் அணியிலும் ஆடியிருக்கிறார். மகிழ்ச்சி. ஆனால் மாமா அனுப்பும் சட்டையைப் போல ஏணியையும் பார்சலில் அனுப்ப முடியுமா?

கொனிபாவுக்குச் சென்று வந்த அணிகளைப் பற்றிப் புலம்பெயர் வாசகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், நன்று. சுப்பர் லீக்கின் பத்துக் கழகங்களை எந்த அளவுகோலில் தேர்ந்தார்கள், ஆசியக் கூட்டமைப்பின் கழக உரிமத்துக்கு வேண்டிய மைதானமும் இளையோர் அணியும் கணக்குப் பதிவும் வன்னியில் ஒரு கழகத்துக்காவது கிடைக்க என்ன வழி என்று எவராவது எழுதினார்களா? எனக்கு முன்னதைவிடப் பின்னதே அவசரமாகப் படுகிறது. இதற்காக என்னைக் கடிந்துகொள்ளப் போகும் நண்பர்களை அறிவேன். 

அன்று மாலை சிறியவனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. அவனுடைய கொப்பித் தாளில் படிகளை வரிசையாக எழுதிக் காட்டினேன். பார்சிலோனாக்காரன் மேலிருந்து வாசித்தான். சிறியவன் கீழிருந்து வாசித்தான்.

"அப்ப முதலில லீக்கில பதியவேணும். பதிய எவ்வளவு காசு, ஐயா?"

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் முல்லைத்தீவுப் பட்டினத்துக்குப் போகும் அலுவல் இருந்தது. விசாரித்து வந்து சொல்வதாகக் கூறினேன்.